அப்பா வாங்காமல் விட்ட பதக்கம்

(விருத்தாசலத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற ராணுவ எழுத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் கிளார்க்கா இருந்தவன் நான். துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைத் தொட்டதுதான் அதிகம். அதனால வீரக்கதை சொல்ல வரலை, பேப்பர் கதைதான் சொல்லப் போறேன்.

போர்க்காலத்தில் பணி செய்து, பதக்கம் கைக்கு வராமலே இறந்துபோனவர்களின் குடும்பம் அதை இப்போது எப்படிக் கேட்பது என்பதுதான் இன்றைய விஷயம். என் வீட்டிலேயே நடந்ததைச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரில் தலைமையிடம் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புதான் அது. பட்டாளத்தில் அவங்களைச் செல்லமாக ‘தம்பிகள்’ என்று கூப்பிடுவாங்க. பாலம் போடுறது, பாதை போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது எல்லாம் அவங்க வேலை. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றைத் தாண்ட நம்ம டாங்குகளுக்கு வழி பண்ணிக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது என்ஜினியர் ரெஜிமென்ட். அப்பா அந்த ரெஜிமென்ட் இல்லை. ஆனால் அதே மேற்கு எல்லையில் வேறொரு கம்பெனியில் இருந்தார். தாத்தா இறந்தபிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று 1974-ல் தானே கேட்டு விலகி வந்துட்டார். பத்து வருஷ சர்வீஸ், பென்ஷன் கிடையாது. அப்புறம் இங்கே செராமிக் கம்பெனியில் சூளை வேலை. ஃபியூஸ் கேரியர் அடுக்குறது, இறக்குறது. சண்டையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். நான் பட்டாளத்தில் சேர்ந்து லீவில் வந்து கேட்டப்பகூட, “குளிரா இருந்துச்சுடா” என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார்.

அவர் இறந்த பிறகு அம்மாதான் கேட்டாங்க. “உங்கப்பாவுக்கு மெடல் வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார், கடைசி வரைக்கும் வரல. நீ அந்த ஆபீஸ் வேலைதானே பார்த்தே?” அடுத்தவன் பைலெல்லாம் நான் பார்த்திருக்கேன். அப்பா பைலைப் பார்க்கணும்னு ஒரு நாளும் தோணல.

அந்தக் காலத்தில் இது சகஜம். போருக்கான பதக்கம் உடனே கைக்கு வராது. அறிவிப்பு வரும், பட்டியல் போகும், பதக்கம் அடித்து வருவதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார், அல்லது வீட்டுக்கே வந்திருப்பார். மார்பில் ரிப்பன் பட்டை குத்திக்கொண்டு போட்டோ எடுத்திருப்பாங்க. பதக்கம் மட்டும் கைக்கு வந்திருக்காது. உங்கள் வீட்டு போட்டோவைப் பாருங்க, பல பேருக்கு இப்படித்தான் இருக்கும்.

இனி நாங்கள் செய்த முதல் தப்பு. நான் பார்ப்பதற்கு முன்பே என் தம்பி ஆர்வக் கோளாறில் ஒரு மனு போட்டிருந்தான். ‘என் தந்தை போரில் வீரச்செயல் புரிந்தார், அவருக்குத் தக்க விருது வழங்கவும்’ என்று எழுதி, பெரிய பெரிய ஆபீசுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். ஒன்றும் நடக்கலை, நடக்கவும் நடக்காது. வீர விருது வேறு, போர்ப் பதக்கம் வேறு. பரம் வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரியான வீர விருதுகளுக்குப் படைப்பிரிவு அந்தச் சமயத்திலேயே பரிந்துரை செய்திருக்க வேண்டும், பார்த்த சாட்சி வேண்டும். குடும்பம் ஐம்பது வருஷம் கழித்து மனு போட்டு வாங்குகிற விஷயம் இல்லை அது. காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், இதே மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர், 1944-ல் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அது வீர விருது.

போர்ப் பதக்கம் அப்படி இல்லை. இன்ன தேதியில், இன்ன பகுதியில், கடமையில் இருந்தார் என்று பதிவு இருந்தால் போதும். சமையல்காரராக இருந்தாலும் டிரைவராக இருந்தாலும் உரிமை ஒன்றுதான். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்குக் கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், அப்புறம் சங்ராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். ஒன்பது வருஷம், இருபது வருஷம் என்று நீண்ட சேவைக்கும் தனிப் பதக்கம் உண்டு. இதெல்லாம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை, கேட்க வேண்டிய பாக்கி. மனுவில் ‘விருது’ என்று எழுதாதீர்கள். ‘வழங்கப்படாமல் உள்ள பதக்கங்கள்’ என்று எழுதிப் பதக்கத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

சிலர் தாமிரப் பட்டயத்தைக் கொண்டு வந்து காட்டுறாங்க. அது 1972-ல் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு அரசாங்கம் கொடுத்தது. பெருமையானதுதான், ஆனால் அந்தக் கணக்கு வேறு, ஆபீசும் வேறு.

இரண்டாவது சிக்கல் நம்பர். ராணுவத்தில் ஆளைத் தேடுவது பெயரை வைத்து இல்லை, படை எண்ணை வைத்துத்தான். ஈரக் களிமண்ணில் குத்துகிற முத்திரை மாதிரி, சேர்ந்த அன்றைக்குக் குத்தினால் கடைசி வரைக்கும் அதுதான். பெயரை நம்பினால் அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பெயரையே இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுறாங்க! பழைய ஆவணத்தில் ஊர் இருக்கிற மாவட்டம் தென்னாற்காடு என்று இருக்கும். 1993-க்குப் பிறகு அது கடலூர். அதையும் மனுவில் ஒரு வரி சொல்லிடுங்க, வட இந்தியாவில் இருந்து வந்த கிளார்க்குக்கு அது தெரியாது.

அப்பாவோட டிஸ்சார்ஜ் புக் கூரை வீட்டு மழையில் நனைஞ்சு, பாதிப் பக்கம் ஒட்டிக்கிச்சு. நம்பரில் கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியலை. அம்மாதான் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் எடுத்தாங்க. அப்பா கல்யாணமான புதிதில் எழுதியது. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் இடத்தில் எண், பதவி, பெயர், கம்பெனி, ‘56 ஏ.பி.ஓ.’ எல்லாம் அழகாக இருந்தது. ஏழுதான். கடிதத்துக்குள்ளே என்ன எழுதியிருந்தார் என்று அம்மா படிக்க விடலை, வெளிப்பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கச் சொன்னாங்க.

அந்த எண்ணோடு மனு போனது. வந்த பதில்: ‘இவரது பணி ஆவணங்கள், வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததால் அழிக்கப்பட்டுவிட்டன.’ நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுவாங்க. விதி இருப்பது உண்மைதான். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம். அப்பாவுடையது 1999-லேயே அந்தக் கணக்கில் வந்திருக்கும். ஆனால் ‘லாங் ரோல்’ என்று ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எண், பெயர் எல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கும். தனி பைல் போனாலும் அந்தப் பேரேடு இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, ‘லாங் ரோலில் இவரது பதிவின் நகல் தரவும்’ என்று கேட்டோம். வந்தது.

வெள்ளிவிழாப் பதக்கம் அதை வைத்தே கிடைச்சுது, ஏன்னா அதுக்குத் தேதி மட்டும்தான் வேணும். பஸ்சிமி ஸ்டாருக்கு இடமும் வேணும். 1971 டிசம்பரில் அப்பா எங்கே இருந்தார்? பேரேடு அதைச் சொல்லாது. டிஸ்சார்ஜ் புக்கில் ஒட்டிக்கொண்ட பக்கத்தை நீராவியில் மெதுவாகப் பிரிச்சோம் (கத்தி வைத்துக் கீறிவிடாதீர்கள்). பதக்கங்கள் என்ற கட்டத்தில் பஸ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல் என்று யாரோ ஒரு கிளார்க் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். என் மாதிரி ஒரு கிளார்க். அந்த மனுஷன் அன்றைக்குச் சோம்பல்பட்டிருந்தால் நான் இன்றைக்கு இங்கே பேச வந்திருக்க மாட்டேன்.

நடுவில் ஒரு மேஜையில் எங்கள் மனு எட்டு மாதம் தூங்கியது. எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். மொத்தம் ஒரு வருஷம் எட்டு மாதம் ஆச்சு.

உங்களுக்கு வழி இதுதான். நேராக டெல்லிக்கு எழுதாதீங்க. கடலூரில் இருக்கிற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதலில் போங்க. அவர்கள் மூலமாக, அவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு போகும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக், ஈ.எம்.ஈ. செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ. எந்தப் பிரிவு என்றே தெரியாவிட்டால் போட்டோவில் தொப்பி பேட்ஜைப் பெரிதாக்கி எடுத்துப் போங்க, அந்த ஆபீஸில் இருப்பவர்களும் பழைய பட்டாளத்துக்காரர்கள்தான், பார்த்தவுடன் சொல்லிடுவாங்க.

கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் தருவார். கிராமத்தில் பழைய இறப்பு பல பதிவே ஆகியிருக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அந்த அலுவலகம் நம்ம விருத்தாசலத்திலேயே இருக்கு. இரண்டு, மூன்று வாரிசு இருந்தால் யார் பெயருக்குப் பதக்கம் வரவேண்டும் என்று மற்றவர்கள் சம்மதக் கடிதம் கொடுத்துடுங்க. நிலத்துக்கு அடிச்சுக்கிறது போதாதுன்னு இதுக்கும் அடிச்சுக்கிட்ட குடும்பத்தைப் பார்த்திருக்கேன்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற ஊர் நம்ம ஊர். மனு எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார், எந்த ஊர், என்ன குறை என்று முருகனுக்கே சுருக்கமாகத்தானே எழுதுறோம்? அதேபோல ஒரு பக்கம் போதும். ஒரு வித்தியாசம், இங்கே நகலும் ஒப்புகைச் சீட்டும் பத்திரமா வச்சுக்கணும்.

முதல் தடவை வழங்கும் பதக்கத்துக்குப் பணம் கிடையாது. தொலைந்துபோனதுக்கு மாற்றுப் பதக்கம் கேட்பது வேறு நடைமுறை. “இவ்வளவு அனுப்புங்க, மெடல் வாங்கித் தர்றேன்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கடையிலும் பதக்கம் விற்கிறாங்க, வாங்கி மாட்டிக்கலாம்தான். ஆனால் ரெக்கார்ட் ஆபீஸ் கொடுக்கிறதில் அவரோட எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். கடைப் பதக்கம் யாருடையதும் இல்லை.

இதனால் காசு வருமா என்று கேட்பீங்க. போர்ப் பதக்கத்துக்குப் பணமுடிப்பு எதுவும் வராது. ஆனால் போன வருஷம் ஒரு பையன் தன் ஆயாவோடு வந்தான். தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாப் பக்கம் இருந்தவர், பர்மா ஸ்டார் வேண்டும் என்றான். அவ்வளவு பழையதுக்கு என்னால் உறுதி சொல்ல முடியலை. ஆனால் சான்றிதழைப் புரட்டினபோதுதான் தெரிந்தது, பென்ஷன் இல்லாத உலகப்போர் வீரர்களின் விதவைகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதாமாதம் தரும் நிதியுதவிக்கு அந்த ஆயா விண்ணப்பிக்கவே இல்லை. இத்தனை வருஷம் அப்படி ஒன்று இருப்பதே அவங்களுக்குத் தெரியாது. பதக்கம் தேடி எடுத்த காகிதம் மாத உதவிக்கு ஆதாரமாச்சு. அந்தத் தலைமுறை ஆயாக்கள் இப்போ விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்காங்க. உங்கள் தெருவில் யாராவது இருந்தால் இன்றைக்கு சாயங்காலமே போய் விசாரிங்க.

எங்கள் பார்சல் வந்த அன்றைக்கு அம்மா பிரித்துப் பார்த்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன், அழலை. பஸ்சிமி ஸ்டாரைக் கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, “இதுக்கா இவ்வளவு நாள்?” என்றாங்க. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதில் பொறித்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படிச்சாங்க. கடைசி ஏழு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் உள்ளே எடுத்துட்டுப் போனாங்க.

நான் பேசினது போதும். அந்த மஞ்சள் பை வச்சிருக்கிற அம்மா, முதலில் நீங்க வாங்க. பையில் இருக்கிறது டிஸ்சார்ஜ் புக்தானே? எடுங்க, நம்பரைப் பார்ப்போம்.