பொதுக் கணினியும் நம் பொறுப்பும்

(நமது சங்கத்தின் கும்மிடிப்பூண்டிக் கிளை மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலாசாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் பலருக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் கணினிகளைப் பொறுப்புடன் பயன்படுத்துவது எப்படி என்பதைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். "இது பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பெரியோர்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறென்பதை இச்சிற்றுரை முடிவதற்குள் அவர்களே ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நமது திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த காக்களூரில்தான் 2011ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 15ந் தேதி, மாணாக்கர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. நம் இல்லங்கள் பலவற்றில் முதன்முதலாகக் கணினி புகுந்தது அதன் பிறகே. எனினும் கலாசாலையின் பொதுக் கணினிக்கு வேலை குறைந்துவிடவில்லை. செய்முறைப் பயிற்சிக்கும், தனியொருவர் வாங்கவியலாத விலையுயர்ந்த மென்பொருள்களுக்கும் மாணாக்கர் இன்றும் அதனையே நாடுகின்றனர். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கோ அது ஒன்றே கதி.

பொதுக் கணினியின் தன்மையை நம்மவர்க்கு விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்மில் அநேகர் சிப்காட் தொழிற்பேட்டையில் உழைப்பவர்கள். ஒரே யந்திரத்தில் பகல் ஷிப்டுக்காரர் ஒருவரும் இரவு ஷிப்டுக்காரர் ஒருவரும் மாறிமாறி வேலை செய்கின்றனர். முந்தினவர் யந்திரத்தைத் துடைத்து, பழுது ஏதேனும் இருப்பின் புத்தகத்தில் எழுதி ஒப்படைக்காமற் போனால், பின்வருபவர் கைக்கே ஆபத்து நேரலாம். கணினியும் அவ்வாறே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஆலை யந்திரத்தில் முந்தினவர் விட்டுச் செல்வது எண்ணெய்ப் பிசுக்கு. கணினியில் அவர் விட்டுச் செல்வது தம் சொந்தப் பெயரை!

இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1973ஆம் வருஷம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், ஜெர்மானியர் உதவியினால் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. அக்காலத்தில் மாணாக்கர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வருமளவும் காத்திருப்பர். பலர் ஒரே சமயத்தில் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை, அமெரிக்க தேசத்து மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ முதலியோர் 1961ஆம் வருஷத்திலேயே செய்துகாட்டியிருந்தனர். ஒருவர் வேலையில் மற்றொருவர் கைவைக்காதிருக்கும்பொருட்டு அங்கே ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. பிள்ளைகள் 'பாஸ்வேர்டு' என்று சொல்வது இதனையே.

அந்தப் பூட்டு வந்த மறுவருஷமே திருட்டும் வந்துவிட்டது! ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணாக்கருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. அவர் 1962இல் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய ஏட்டைத் தந்திரமாக அச்சிடுவித்துப் பிறர் பெயரில் வேலை செய்தார். பல்லாண்டுகள் கழித்து இதனை அவரே வெளியிட்டார். அவர் கொடியவர் அல்லர். தம் வேலை முடியவேண்டுமென்ற அவசரமே அவரை அவ்வாறு செய்யத் தூண்டிற்று. பொதுச் சொத்துக்குக் கேடு சூழ்பவர் பெரும்பாலும் பகைவர் அல்லர். நம்மைப் போன்ற அவசரக்காரரே.

அவசரத்தினும் பொல்லாதது விளையாட்டுப் புத்தி. கார்னெல் சர்வகலாசாலை மாணாக்கராகிய ராபர்ட் மாரிஸ் என்பவர், 1988ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2ந் தேதி, தானே பெருகும் நிரல் ஒன்றை வலைப்பின்னலில் அனுப்பினார். அது அவர் நினைத்ததற்கு மேல் பெருகிச் சுமார் 6,000 கணினிகளை ஸ்தம்பிக்கச் செய்ததாக அப்போது மதிப்பிட்டனர். 1990இல் அவருக்கு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

நம் தேசத்திலும் சட்டம் உறங்கவில்லை. 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43வது பிரிவு, உடையவர் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதையும் அதனுள் கிருமி நிரலைப் புகுத்துவதையும் தடுக்கிறது. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறைவாசமும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இனி நான் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். நமது சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த மாணாக்கன், மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், கலாசாலைக் கணினியிலிருந்து முறைப்படி வெளியேறாமல் எழுந்து சென்றுவிட்டான். அடுத்து அமர்ந்த பையன், திறந்துகிடந்த மின்னஞ்சலிலிருந்து, அவன் பெயரிலேயே ஆசிரியை ஒருவருக்கு இழிமொழியில் ஒரு கடிதம் அனுப்பினான். அவனுக்கு அது வேடிக்கை. பதிவேட்டில் இருந்ததோ முந்தினவன் பெயர். குற்றமற்ற அப்பிள்ளை ஒன்பது நாள் கலாசாலைக்கு வெளியே நின்றான். ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த அவன் தகப்பனார், உறங்காமல் கலாசாலை வாயிலில் காத்துக்கிடந்தார்.

வேடிக்கை செய்த பையனும் நம்மவனே. உண்மை தெரிந்ததும் அவனுடைய மாமா என்னிடம் வந்து, "சங்கத்தின் பெயரால் பிரின்ஸிபாலுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், விஷயம் அமுங்கிப்போகட்டும்" என்றார். மறைப்பானேன்? நான் காகிதத்தை எடுத்துத் தேதியும் போட்டுவிட்டேன். அச்சமயம் அங்கிருந்த மற்றப் பிள்ளையின் தகப்பனார், "ஐயா, என் மகனும் இந்தச் சங்கத்துப் பிள்ளைதானே? அவனுக்காக எழுத ஒரு காகிதம் இல்லையா?" என்று கேட்டார். என் பேனா நின்றுவிட்டது.

அக்கடிதத்தை நான் எழுதவில்லை. மறுநாள் மாமாவும் நானும் அப்பையனை அழைத்துச் சென்றோம். அவன் உண்மையைச் சொல்லி ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டான். ஒரு பருவம் முழுதும் பாட வேளைக்கு வெளியே கணினிக்கூடத்தில் நுழையலாகாதென்று அவனைத் தண்டித்தனர். முந்தினவன் அன்றே வகுப்பில் அமர்ந்தான். அந்த மாமா இன்றும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு வருந்துகிறேன், செய்ததற்கு வருந்தவில்லை.

உறவு என்பது குற்றத்தை மூடும் போர்வையன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை 919, 921ஆம் வருஷங்களுக்கு உரியவை. ஊர்ப் பொதுக்காரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மாத்திரமல்ல, அவனுடைய சகோதரன், தாய்மாமன், மாமனார், மருமகன் முதலிய உறவினரும் குடவோலைக்கு உரியவராகார் என்று அவை விதிக்கின்றன. உறவினரைத் தண்டிக்கும் விதி இக்காலத்திற்கு ஒவ்வாது. ஆயினும் பொதுவுடைமை விஷயத்தில் உறவு ஒரு சலுகையாகாது என்னும் கருத்து என்றைக்கும் ஒவ்வும்.

மாணாக்கச் செல்வங்களே! உங்களுக்குச் சில வார்த்தைகள். கடவுச்சொல் உங்கள் கையொப்பத்திற்குச் சமானம். உயிர்த்தோழனுக்கும் அதைக் கொடாதீர்கள். எழுந்திருக்குமுன் கணக்கிலிருந்து வெளியேறி, வெளியேறியதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆதார் நகல், வங்கி விவரம் முதலியவற்றைப் பொதுக் கணினியில் விட்டு வாராதீர்கள். எங்கோ செருகிய பென்டிரைவைச் சோதியாமல் அங்கே செருகாதீர்கள். அனுமதியின்றி எந்த மென்பொருளையும் ஏற்றாதீர்கள். பின்னால் ஒருவர் காத்திருக்கையில் சினிமாவும் விளையாட்டும் வேண்டாம்; அவர் வீட்டில் கணினி இல்லாதிருக்கலாம். பிறர் கணக்கு திறந்துகிடக்கக் கண்டால், படியாமல் மூடிவிடுங்கள். திறந்த வீடெல்லாம் நுழைவதற்கன்று. பழுதைக் கண்டால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். "நான் செய்யவில்லையே" என்று போய்விடாதீர்கள்.

பெரியோர்களே! உங்களுக்கு இரண்டு பிரேரணைகள். நமது சங்கத்தின் படிப்பறையில் இருக்கும் கணினியருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வருவோர் பெயரும், வந்த நேரமும், சென்ற நேரமும் எழுதும் வழக்கத்தை அடுத்த மாதம் முதல் தொடங்குவோமாக. சங்கத்து நிர்வாகிகளே முதற் பக்கத்தில் எழுதவேண்டும். இரண்டாவது, இத்தகைய குற்றங்களுக்குச் சங்கத்தின் பெயரால் சிபாரிசுக் கடிதம் கொடுப்பதில்லை என்று நிர்வாக சபை தீர்மானிக்கட்டும். தவறிய பிள்ளையைத் துணைக்கு நின்று உண்மை சொல்லச் செய்வதே அவனுக்குச் சங்கம் செய்யும் பேருதவி.