ஓவர்லாக் தையல்: முதலில் வெட்டுத் துண்டில்



சாதாரணத் தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். ஓவர்லாக்கோ ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிறது. வெட்டுப்பட்ட துணி திரும்ப வராது. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நமக்கு அது வருமான இழப்பு. ஆகவே, தைக்கப்போகும் அதே துணியின் வெட்டுத் துண்டில் முதலில் ஓட்டிப் பார்ப்போம்.

பனியன் துணி அலை அலையாக நெளிந்தால் டிஃபரன்ஷியல் ஃபீடை 1-க்கு மேல் கூட்டுவோம். மெல்லிய துணி சுருங்கினால் 1-க்குக் கீழ் குறைப்போம். ஓரம் அடிக்க 3 நூல் போதும். துணிகளை இணைக்க 4 நூல்தான் உறுதி. குண்டூசியைக் கத்தி எட்டுமுன் எடுத்துவிடுவோம். முடிவில் தொங்கும் நூல் சங்கிலியை ஊசியில் கோத்துத் தையலுக்குள் செருகுவோம். இல்லையேல் துவைக்கத் துவைக்கப் பிரியும்.

இரண்டு நிமிடச் சோதனை நம் உழைப்பைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.