ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம்

(மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேலம், நாமக்கல் பக்கத்தில் நம் பிள்ளைகள் கல்லூரி முதல்வருக்கும், கம்பெனி மேலாளருக்கும், வளைகுடாவில் முட்டை வாங்கும் வியாபாரிக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார்கள். தவறு நேர்ந்தால் மன்னிப்பும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். ஆயத்தக் கடிதம் ஒன்றைப் பார்த்து எழுதிவிடுகிறோம். அதிலுள்ள சொல்லின் எடையைப் பார்ப்பதில்லை.

'ரிக்ரெட்' என்றால் வருந்துகிறேன், அவ்வளவுதான். 'அப்பாலஜைஸ்' என்றால் தவறு என்னுடையது, மன்னியுங்கள் என்று பொருள். 1919 ஜாலியன்வாலாபாக் படுகொலை பற்றி 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் 'ரிக்ரெட்' தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெர்மி கார்பின் உடனே எழுந்து முழு மன்னிப்பு வேண்டும் என்றார்.

1914இல் கோமகதா மாரு கப்பலில் கனடா சென்ற 376 பேரில் பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்களும் இருந்தனர். மிகச் சிலரைத் தவிர எல்லாரையும் திருப்பியனுப்பினார்கள். 2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, அந்தச் சட்டங்களுக்குக் கனடா அரசே பொறுப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். செய்தவர் யார் என்பதை மறைக்கவில்லை.

தவ்பாவுக்கு இமாம் நவவி (ரஹ்) எழுதிய நிபந்தனைகளை நாம் அறிவோம்: பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டால் நான்காவதும் உண்டு: அதை உரியவரிடம் ஒப்படைப்பது. கடிதத்துக்கும் இதுவே போதும்.

'தவறு நடந்துவிட்டது' என்று எழுதாதீர்கள். 'ஐ' என்று தொடங்கி, எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அவருக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லுங்கள். 'இஃப்', 'பட்' இரண்டையும் நீக்குங்கள். 'மனம் புண்பட்டிருந்தால்' என்பது மன்னிப்பல்ல. எப்படி, எந்தத் தேதிக்குள் ஈடு செய்வீர்கள் என்று முடியுங்கள். ஐந்தாறு சிறிய வாக்கியங்கள் போதும். இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்தித் தரலாம். பொறுப்பை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: லாரி விபத்து, வழக்கு என்றால் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பணம் தர வேண்டியிருந்தால் கடிதத்தோடு பணமும் போகட்டும். தமிழ் தெரிந்தவர், பக்கத்துத் தெருக்காரர் என்றால் கடிதமே வேண்டாம். நேரில் போய் ஸலாம் சொல்லிக் கேளுங்கள். வஸ்ஸலாம்.