நம் முற்றத்தில் உலகம்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கம் என்றவுடன் பாடநூல், மாலை வகுப்பு, தேர்வு ஆகியவையே நம் நினைவுக்கு வரும். அவை வேண்டியவையே. ஆயினும் நம் குழந்தை பள்ளிப்படியை மிதிக்கும் முன்னரே ஒரு பாடத்தைக் கற்றுவிடுகிறது. நம் தெரு எது, அவர்கள் தெரு எது, எந்தத் திண்ணையில் அமரலாம், எதில் அமரலாகாது என்பதே அப்பாடம். இச்சிறு எல்லையே உலகம் என்று அது நம்பிவிட்டால், பின்னர் எத்தனை பட்டம் பெற்றாலும் நெஞ்சின் கூனல் எளிதில் நிமிராது. ஆகவே, பரந்த உலகத்தை இளம்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து.

"எழுத்தறியாத நாங்கள் எப்படிக் கற்பிப்பது?" எனத் தாய்மார்கள் கேட்கலாம். எழுத்து இல்லாமற் போகலாம். கை இருக்கிறது, அடுக்களை இருக்கிறது, முற்றம் இருக்கிறது. அவை போதும்.

முற்றத்திலிருந்தே தொடங்குவோம். மண்ணில் 14 குழிகள் தோண்டிப் புளியங்கொட்டை இட்டு நம் பாட்டிமார் ஆடியது பல்லாங்குழி. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இதற்கு உறவான 'ஓவாரே' என்னும் ஆட்டத்தை 12 குழிகளும் 48 விதைகளும் கொண்டு ஆடுகின்றனர். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களால் உடைமை எதையும் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆட்டத்தை மட்டும் நினைவில் சுமந்து சென்றனர். கரிபியன் கடலிலுள்ள ஆன்டிகுவா தீவில் அது 'வாரி' என்னும் பெயரில் இன்றும் வாழ்கிறது. ஒரு மாலை நம் முறையில் ஆடுங்கள். மறுநாள் இரண்டு குழிகளை மூடி, குழிக்கு நான்கு விதை இட்டு ஆடிப் பாருங்கள். பிள்ளை எண்ணக் கற்கும். கடலுக்கு அப்பாலும் தன்னைப் போல் மண்ணில் குந்தி விளையாடும் பிள்ளை உண்டு என்பதையும் கற்கும்.

அடுத்து அடுக்களை. நம் வறுமைக் காலத்தில் வயிறு காத்தது மரச்சீனிக் கிழங்கு. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. போர்த்துக்கீசியர் அதனைக் கடல் கடத்தினர். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) அதன் பயிரை ஊக்குவித்தார். இக்கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு. நாம் நறுக்கி அவித்து நீரை வடித்து அதனைப் போக்குகிறோம். அமேசான் காட்டுப் பழங்குடியினர் துருவி, நாரால் பின்னிய நீண்ட கூடையில் அடைத்துப் பிழிகின்றனர். நைஜீரிய மக்கள் துருவிய கிழங்கைச் சாக்கில் கட்டிப் பாரம் ஏற்றிப் புளிக்கவைத்து, வறுத்து 'காரி' என்னும் உணவாக்குகின்றனர். கிழங்கும் மீன்கறியும் பரிமாறும்போது இதைக் கதையாகச் சொல்லுங்கள். ஏழையின் உணவென்று பிறர் ஏளனம் செய்த கிழங்கு மூன்று கண்டங்களின் அறிவைத் தாங்கி நிற்பதைப் பிள்ளை உணரும்.

மூன்றாவது தாளம். 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். 1740-இல் அங்கு இயற்றிய சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. தோலிசை பறிபோன மக்கள் கையையும் தொடையையும் மார்பையும் தட்டித் தாளத்தைக் காத்தனர். நம்மிடமோ பறையைத் தடுக்கவில்லை. அதை இழிவின் அடையாளமாக்கிக் கழுத்தில் மாட்டினர். கட்டாய ஊழியமாகப் பறையடிக்க மறுத்தவர்களின் மானமும் பெரிது. அதனைக் கலையாக மீட்டெடுப்பவர்களின் துணிவும் பெரிது. தகப்பன்மார் இரவு உணவுக்குப் பின் பிள்ளையோடு அமர்ந்து வெறுங்கையால் தாளம் தட்டுங்கள். இரு வரலாற்றையும் ஒருங்கே சொல்லுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளைச் சொல்லலாம். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவித்தது 1855. அமெரிக்கா ஒழித்தது 1865. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்து நம் கதையும் அவர்கள் கதையும் இத்துணை நெருக்கமானவை. இதனை அண்ணல் அம்பேத்கர் நன்கு அறிந்திருந்தார். 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபையிடம் அம்மக்கள் அளித்த முறையீட்டின் நகலைக் கேட்டார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பிற நாட்டார் உணவையும் உடையையும் நிறத்தையும் வேடிக்கைப் பொருளாகக் காட்டினால், நாம் கற்பிப்பது பண்பாடு அன்று. பழைய ஏளனத்தையே புதிதாகக் கற்பிக்கிறோம். தொலைக்காட்சியில் கறுத்த முகம் கண்டு நம் பிள்ளை சிரித்தால், அச்சிரிப்பு நாளை அதன் முகத்துக்கே திரும்பும். அந்த இடத்தில் பெற்றோர் வாய்மூடி இருத்தல் தகாது.

இறுதியாக, நம் கைக்கெட்டும் தொலைவிலுள்ள குமரிக் கடற்கரை. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும்போது பாசிமணி வாங்கித் தருவதோடு ஒரு செய்தியும் சொல்லுங்கள். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் தம் துணைவியாருடன் அக்கரைக்கு வந்தார். மேற்கே ஞாயிறு மறைவதையும் கிழக்கே திங்கள் எழுவதையும் கண்டு, ஒளி முற்றும் அணைவதில்லை என்னும் நம்பிக்கை கொண்டு திரும்பினார். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில், பெரிதும் நம் போன்றோர் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என அறிமுகம் செய்தார். அவர் முதலில் திடுக்கிட்டார். பின் தம் மக்கள் இரண்டு கோடிப் பேரின் நிலையை எண்ணி, அது உண்மையே என ஏற்றுக்கொண்டார். 1965-இல் தம் திருச்சபையில் அதனை அவரே எடுத்துரைத்தார். உலகம் போற்றும் ஒருவர் நம் துன்பத்தில் தம் துன்பத்தைக் கண்டார் எனும்போது, எந்தப் பிள்ளை தலை தாழ்ந்து நிற்கும்?

இளைஞர்களே! மாதம் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்குவோம். எழுத்தறியாத வீட்டுக்கு நீங்கள் செல்லுங்கள். ஓர் உலகப் படத்தைத் தரையில் விரியுங்கள். ஆட்டத்தையும் சமையலையும் பாட்டிமார் பார்த்துக்கொள்வர். நாட்டின் பெயரை நீங்கள் சொன்னால் போதும். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். இனி அவர்கள் நிமிர்ந்த நெஞ்சோடு செல்லுமாறு செய்வோம்.