வகுப்பறையில் உழைப்பாளர் வீட்டின் பண்பாடு
(பெங்களூரில் ஆசிரியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூரின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே வகுப்பறையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என நான்கு வீட்டுமொழிகள் வந்து அமர்வது புதுமையன்று. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இந்நகரின் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவானோரே. யாதகிரி, ராய்ச்சூர், கலபுரகி மாவட்டங்களிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தோரின் குழந்தைகள் பேசும் வடகர்நாடகக் கன்னடமோ பாடநூலின் கன்னடத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. இத்தனை வேறுபாடுகளுக்கும் நடுவே ஒரு பாடநூல், ஓர் ஆசிரியர், ஒரு தேர்வு.

கேட்ட கேள்விக்கு வாய் திறவாத குழந்தையை 'மந்தம்' என்று எழுதி வைப்பது எளிது. ஆனால், அக்குழந்தையின் வீட்டையும் மொழியையும் உழைப்பையும் பள்ளி அறிந்திருக்கிறதா என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. மாணவரின் பண்பாட்டின் வழியே ஆசிரியர் மாணவரை அடைவது எவ்வாறு என்பது கற்பித்தல் நுட்பம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. கல்வி யாருக்கு உரியது என்ற அரசியல் கேள்வி அதற்குள் இருக்கிறது.

எது பண்பாடு?

ஆண்டுக்கு ஒருநாள் குழந்தைகளுக்கு மாறுவேடம் அணிவித்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நடனம் ஆடச் செய்வதைப் 'பண்பாட்டு விழா' என்று பள்ளிகள் அழைக்கின்றன. மீதி நாட்களில் அக்குழந்தைகளின் வாழ்க்கை வகுப்பறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. மார்க்சியம் பண்பாட்டை இவ்வாறு காண்பதில்லை. மக்கள் உழைத்து, போராடி, கூடி வாழ்ந்து உருவாக்கிய மொழியும் அறிவும் நினைவுமே பண்பாடு.

பெங்களூரின் தமிழ்க் குழந்தைகளை எடுத்துக்கொள்வோர் அவர்களின் முன்னோரை அறிய வேண்டும். 1809இல் அமைந்த ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட்டுக்கு வேலை தேடி வந்தோரும், 1884இல் தோன்றிப் பின்னர் பின்னி மில் என்று பெயர்பெற்ற ஆலையில் தறி ஓட்டியோரும் அவர்களுள் உண்டு. கோலார் தங்க வயலின் ஆழத்தில் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது, அவர்களின் குடும்பங்கள் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்கு வந்துபோகும் நிலைக்குத் தள்ளப்பட்டன. 1980-81இல் 77 நாட்கள் நீடித்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் ஒரே வாயிலில் நின்றனர். இவ்வரலாற்றின் பேரப்பிள்ளைகளே இன்று அரசுப் பள்ளியில் அமர்ந்திருக்கின்றனர். பாடநூலில் இவர்களுக்கு ஒரு பக்கமும் இல்லை.

வீட்டுமொழி தடையல்ல

அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்கிறது. ஆயினும் பெங்களூரில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் சுருங்கி வந்துள்ளன. தொடக்க வகுப்புகளில் கன்னடம் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்ற 1994ஆம் ஆண்டின் கர்நாடக அரசாணையை உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014 மே 6 அன்று ஏற்க மறுத்தது. பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோரின் உரிமை என்றது. காசுள்ளோருக்கு அது உரிமையாயிற்று. கல்வி வணிகர்களுக்குச் சந்தையாயிற்று. 2019இல் கர்நாடக அரசு ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது. தம் பிள்ளை ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற ஏழைப் பெற்றோரின் விருப்பம் நியாயமானது. அதைப் பழிப்பது இடதுசாரிகளின் வேலையன்று. எம்மொழி பயிற்றுமொழியானாலும் குழந்தையின் வீட்டுமொழிக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்பதே கோரிக்கை.

அந்த இடத்தை ஆசிரியர் நாளையே உருவாக்க முடியும். தமிழ்க் குழந்தையின் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பல்' அங்கே 'ஹல்லு', 'பத்து' 'ஹத்து', 'புலி' 'ஹுலி', 'பூ' 'ஹூவு'. தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியிருக்கும் இந்த ஒழுங்கைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். அடுத்த நாள் 'வா' 'பா' ஆவதையும், 'வேர்' 'பேரு' ஆவதையும், 'வெல்லம்' 'பெல்ல' ஆவதையும் பட்டியலிடட்டும். தெலுங்குக் குழந்தை எழுந்து தன் வீட்டிலும் 'பாலு' தான் என்று சொல்லும். உருதுக் குழந்தை 'தூத்' என்ற சொல்லை அனைவருக்கும் கற்றுக்கொடுக்கும். நேற்றுவரை கன்னடம் தெரியாதவன் என்று கூசிய மாணவன் கன்னடத்தில் பாதியைத் தான் முன்னரே அறிந்திருப்பதை உணர்வான். கன்னட மாணவனோ தமிழை அயல்மொழியாகக் கருதமாட்டான். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் தமிழர்களின் வீடுகள் எரிந்ததை மறவாதோருக்கு இப்பாடத்தின் மதிப்பு விளங்கும். கன்னடம் இம்மாநிலத்தின் மொழி. தமிழ்க் குழந்தைகள் அதை நன்கு கற்பதே அவர்களுக்கு நலம். தாய்மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வதால் அது நடவாது.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கப்பட்ட 'ரோஷ்ணி' திட்டம் இதற்குச் சான்று. புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு அவர்களின் வீட்டுமொழியைப் பாலமாகக் கொண்டு அங்கே மலையாளம் கற்பிக்கப்பட்டது.

உழைப்பே பாடம்

பிரேசிலின் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1960களின் தொடக்கத்தில் உழைப்பாளர்களுக்கு எழுத்தறிவு புகட்டியபோது, அவர்களின் அன்றாட வாழ்விலிருந்தே சொற்களைத் தேர்ந்தார். 'செங்கல்' அவற்றுள் ஒன்று. அச்சொல்லை எழுதக் கற்றவர், செங்கல் சுமப்பவருக்கு ஏன் வீடில்லை என்றும் பேசத் தொடங்கினார். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் அவரைச் சிறையிலடைத்ததில் வியப்பில்லை.

பெங்களூரின் வகுப்பறைகளிலும் அந்தச் செங்கல் இருக்கிறது. கொத்தனாரின் மகளுக்கு விகிதம் என்பது புதிய பாடமன்று. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவையை அவள் நாள்தோறும் காண்கிறாள். சுவரின் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒருபுறம் மூன்றடி, மறுபுறம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று தந்தை நூல்பிடிப்பதையும் கண்டிருக்கிறாள். செங்கோண முக்கோணத்தின் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் ஆசிரியர் அவளைப் பேசச் சொன்னால் வகுப்பு முழுவதும் கேட்கும். பூக்கட்டும் தாயின் 'முழம்' கன்னடத்தின் 'மொள'. நீட்டலளவைப் பாடம் அங்கிருந்து தொடங்கலாம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தாய் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய துணிகளின் எண்ணிக்கை வகுத்தல் கணக்கு. வருங்கால வைப்புநிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து 2016 ஏப்ரலில் அத்தாய்மார்கள் பெங்களூரின் சாலைகளில் திரண்டு, இரண்டே நாட்களில் அதைத் திரும்பப் பெறச் செய்தது குடிமையியல் பாடம்.

எச்சரிக்கை தேவை

இங்கே ஒரு கோட்டைத் தெளிவாக வரைய வேண்டும். 'வீட்டின் பண்பாடு' என்ற சொல்லைப் பிற்போக்காளர்களும் கையாள்வர். 1953இல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி, கிராமக் குழந்தைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டத்தைப் புகுத்தினார். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பெரியாரும் திமுகவும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்துப் போராடினர். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். துப்புரவுப் பணியாளரின் மகனுக்குத் துடைப்பமே பண்பாடு என்பது சாதியம். தாயின் உழைப்பை மதிக்கவும், அவ்வுழைப்பின் மீது சுமத்தப்பட்ட இழிவை எதிர்க்கவும், தான் விரும்பும் துறைக்குச் செல்லவும் அவனை ஆயத்தப்படுத்துவதே கல்வி. வீட்டிலிருந்து தொடங்குவது வேறு, வீட்டுக்குள்ளேயே அடைத்துவைப்பது வேறு.

மற்றோர் ஆபத்து, ஒரு மதத்தின் அடையாளத்தை அனைவரின் பண்பாடாக்குவது. 2022இல் பாஜக அரசு நியமித்த குழு திருத்திய பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூலில் ஹெட்கேவாரின் உரை நுழைந்தது. 2023இல் ஆட்சி மாறிய பின்னரே அது நீங்கியது. 2022 பிப்ரவரி 5 அன்று வெளியான சீருடை அரசாணையால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் கல்லூரி வாயில்களில் தடுத்து நிறுத்தப்பட்டனர். உயர்நீதிமன்றம் அந்த ஆணையை உறுதிசெய்தது. உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளோ மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். இடைப்பட்ட காலத்தில் இழந்த படிப்பு அம்மாணவிகளுக்குத் திரும்பவில்லை. இந்நகரத்தின் உண்மையான மரபு வேறு. தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரக ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் சென்று வருகிறது. வகுப்புவாதத்துக்கு எதிரான பாடத்தை இந்தத் தெருவிலிருந்தே எடுக்கலாம்.

யாருடைய பொறுப்பு?

மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் 1995இல் தொடங்கிய 'நலி கலி' ஆடல் பாடலோடு கற்பிக்கும் முறையாக வளர்ந்து, 2009-10இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆசிரியர்களுக்கு உரிமையும் பயிற்சியும் கிடைத்தால் அவர்களே புதிய வழி காண்பர் என்பதற்கு அதன் தொடக்கம் சாட்சி. ஆனால், அதிதி ஆசிரியர் என்ற பெயரில் சொற்ப மதிப்பூதியத்துக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேலை நிலைக்குமா என்று அறியாதவர் எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட முடியும்? கணக்கெடுப்பும் தேர்தல் பணியும் சுமத்தப்பட்டு, பல வகுப்புகளை ஒருவரே கவனிக்க வேண்டிய நிலையில் எக்குழந்தையின் மொழியைக் கேட்க முடியும்? ஆசிரியரின் மனமாற்றத்தை மட்டும் போதிப்போர் அரசின் பொறுப்பை மறைக்கின்றனர்.

எனவே இரு முனைகளிலும் பணி தேவை. காலியிடங்களில் நிரந்தர நியமனம், அதிதி ஆசிரியர்களுக்குப் பணிப் பாதுகாப்பு, வீட்டுமொழி அறிந்த உதவியாளர், மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளைக் காத்தல் ஆகியவற்றை ஆசிரியர் சங்கங்கள் முன்வைத்துப் போராட வேண்டும். குடியிருப்புகளில் செயல்படும் தோழர்கள் பெற்றோரைப் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுக்களில் இடம்பெறச் செய்ய வேண்டும். அங்கே கொத்தனாரும் தையல் தொழிலாளியும் பேசத் தொடங்கும்போது ஆசிரியருக்கு மாணவரின் வீடு தெரியவரும். ஆசிரியர் சங்கமும் தொழிற்சங்கமும் கைகோக்க வேண்டிய இடம் அரசுப் பள்ளியே. அதைக் காக்கும் போராட்டத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கட்டும்.