ஒரு சின்னக் கல்லூரி ஜெயித்த கதையும் தோற்ற கதையும்

(முன்னாள் மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

"விளையாட்டைப் பத்தி ஒரு பதினைஞ்சு நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். இந்த மாதிரி மேடையில் விளையாட்டு என்றால் வாங்கிய கோப்பைகளைப் பட்டியல் போடுவதுதான் வழக்கம். நான் இன்று ஒரு வீழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பகல் பொதுக்குழுவில் நம்முடைய பாஸ்கெட்பால் கோர்ட்டை என்ன செய்வது என்று ஒரு பொருள் வருகிறது. பணம் திரட்டிச் செயற்கைத் தளம் போடலாம் என்கிறார்கள் சிலர். ஆட ஆளே இல்லாத இடத்தில் தளம் எதற்கு, வகுப்பறை கட்டலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் கை தூக்குவதற்கு முன்னால் ஒரு கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். கதை என்றால் கற்பனை இல்லை, நடந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில், இம்மாகுலாட்டா என்று ஒரு கல்லூரி. 1920-ல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய சின்னப் பெண்கள் கல்லூரி. அங்கே இருந்த விளையாட்டு அரங்கம் 1967-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. திரும்பக் கட்டக் கையில் காசு இல்லை. 1970-ல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் கோச்சாக வந்து சேர்ந்தார். இருபது வயதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 450 டாலர். மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு!

கோர்ட் இல்லாததால், துறவறப் பயிற்சியில் இருந்த இளம் கன்னியர்களின் இல்லத்தில் இருந்த கூடத்தில் பயிற்சி நடந்தது. கம்பளித் துணியில் மடிப்பு வைத்துத் தைத்த பழங்காலச் சீருடையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஸ்காலர்ஷிப் கிடையாது. பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள்.

1972 மார்ச்சில் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய சாம்பியன் பட்டப் போட்டி நடந்தது. மொத்தம் 16 அணிகள். தர வரிசையில் இவர்களுக்குக் கிடைத்தது 15-வது இடம். போட்டி நடந்த இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு விமானத்தில் போகவேண்டும். டூத் பிரஷ் விற்றுக்கூடப் பணம் சேர்த்தார்கள். அப்படியும் எட்டுப் பேருக்குத்தான் டிக்கெட் எடுக்க முடிந்தது. மற்றவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அந்த எட்டுப் பேர் இறுதிப் போட்டி வரை வந்தார்கள். எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர் அணி. சில நாள் முன்புதான் மண்டலப் போட்டியில் இவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் துவைத்து எடுத்த அதே அணி! இந்த முறை இம்மாகுலாட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. பதினைந்தாவது இடத்தில் வைக்கப்பட்ட அணி சாம்பியன் ஆகிவிட்டது.

1973-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடி சாம்பியன். 1974-ல் மூன்றாவது முறையாகவும் சாம்பியன். காலரியில் கன்னியாஸ்திரிகள் ஒரு கையில் ஜெபமாலையும் மறு கையில் தகர வாளியுமாக உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு ஆட்டக்காரியின் அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த வாளியைக் குச்சியால் தட்டுவதுதான் அவர்களுக்கு மேளம். நம் ஊர் கபடிப் போட்டியில் விசில் அடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதன்முதலாகக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. ஏறக்குறைய 12,000 பேர் பார்த்தார்கள். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரி, மற்றொன்று இவர்கள்.

ஜெயித்த கதை இதோடு முடிந்தது. இனி தோற்ற கதை.

1975-லும் 1976-லும் இறுதிப் போட்டிக்கு வந்து டெல்டா ஸ்டேட் என்ற அணியிடம் தோற்றார்கள். 1977-ல் அரையிறுதியோடு சரி. அந்த ஆண்டே கேத்தி ரஷ் விலகினார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி என்பது அவருடைய கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரி தேசிய அளவில் அந்த உயரத்தைத் தொடவே இல்லை. இன்று ஸ்காலர்ஷிப் கொடுக்காத கல்லூரிகளுக்கான மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிட்டார்களா? கோச்சுக்கும் நிர்வாகத்துக்கும் சண்டையா? அதெல்லாம் இல்லை. காரணம் ஒரு நல்ல சட்டம். 1972 ஜூனில், அதாவது இவர்கள் முதல் பட்டம் வாங்கிய மூன்றாவது மாதத்தில், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது. விளையாட்டும் அதில் அடங்கும். அதுவரை பெண்கள் விளையாட்டைத் திரும்பிப் பார்க்காத பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் பெண்கள் அணியை வளர்த்தாக வேண்டும் என்று ஆனது. அடுத்த ஆண்டே, பெண் விளையாட்டு வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்றிருந்த தடையும் நீங்கியது. ஆயிரக்கணக்கில் மாணவர்களும் அரங்கங்களும் பணமும் உள்ள பல்கலைக்கழகங்கள் இலவசப் படிப்போடு கூப்பிட்டால், நல்ல ஆட்டக்காரி எங்கே போவாள்? டூத் பிரஷ் விற்கும் கல்லூரிக்கா வருவாள்?

இதைத்தான் நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சின்னக் கல்லூரி மூடிய கதவு, பெண்கள் எல்லோருக்கும் திறந்த கதவு. 1971-72-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடிய பெண்கள் 30,000 பேர்கூட இல்லை. இன்று 2 லட்சத்துக்கும் மேல். அந்தச் சட்டம் வேண்டாம் என்று இம்மாகுலாட்டாப் பெண்களே சொல்லமாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் கோர்ட்டில் சாயங்காலம் நாலரை மணிக்குப் பந்து தட்டும் சத்தம் விடுதி வரைக்கும் கேட்ட காலத்தை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பெரிய வசதி ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரை, மரப் பலகை, வலை இல்லாத வளையம். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இங்கே வந்துதான் முதல் முதலாகப் பந்தைத் தொட்டார்கள். ஆனாலும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நம்ம டீம் இறங்கினால் எதிர் டீம் கொஞ்சம் யோசிக்கும். அது எப்படிப் போனது?

சிலர் சொல்வது போல "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு செல்போன்தான் விளையாட்டு" என்று நான் சொல்லமாட்டேன். அது சுலபமான பதில். செல்போன் வருவதற்கு முன்பே நம் கோர்ட் காலியாகிவிட்டது.

முதல் காரணம், பள்ளிக்கூடம். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றாலே விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிவிடுகிறார், திருப்பித் தருவதில்லை. 1980-களின் நடுவில் தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு மார்க்குக்கும் விலை வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நன்றாக ஆடிய பெண் பந்தைத் தொடாமல் மூன்று வருஷம் இருந்துவிட்டு நம்மிடம் வருகிறாள்.

இரண்டாவது, நேரம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பாடப்பிரிவுகள் வந்தன, ஷிப்ட் வந்தது. ஒரு சாராருக்கு வகுப்பு முடியும்போது இன்னொரு சாராருக்கு ஆரம்பம். பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் ஒரு மணி நேரம் என்பது காணாமல் போய்விட்டது. செமஸ்டர், இன்டர்னல் தேர்வு எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆறரை மணிக்கு மேல் ஊர்ப் பேருந்தில் தனியாக மகள் வரவேண்டுமே என்று அம்மா கவலைப்படுவதும் நியாயம்தான்.

மூன்றாவது, இம்மாகுலாட்டாவுக்கு நடந்ததேதான். உயரமாக, சுறுசுறுப்பாக ஒரு பெண் தென்பட்டால், சென்னைப் பக்கம் உள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணம் இல்லாமல் படிப்பு, விடுதி, சாப்பாடு, ஷூ எல்லாம் தருகிறோம் என்று அழைத்துக்கொள்கின்றன. போகும் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நாமே பெட்டி கட்டி அனுப்புவோம். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானபோது நாமெல்லாம் கைதட்டினோமே, அப்படி ஒரு பெண் நம் ஜில்லாவிலிருந்து வந்தால் அவள் எந்தக் கல்லூரிப் பெயரைப் போட்டுக்கொண்டால் என்ன?

"அப்படியானால் மைதானத்தை மூடிவிடலாமே, அதைத்தானே சொல்ல வர்றீங்க?" என்று கட்டடக் கட்சி அக்கா முன்வரிசையில் புன்னகைக்கிறார். அக்கா, கொஞ்சம் பொறுங்கள்.

இம்மாகுலாட்டா கதையின் மூன்றாவது பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த அணியில் ஆடிய தெரசா ஷாங்க், பின்னாளில் தெரசா கிரென்ட்ஸ், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். மேரியன் கிராஃபோர்ட், பின்னாளில் மேரியன் ஸ்டான்லி, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தை 1979, 1980, 1985 என்று மூன்று முறை தேசிய சாம்பியன் ஆக்கினார். அந்தப் பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தை வைத்துக்கொண்டு தேடியபோது, பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? அரங்கம் எரிந்துபோன அந்தச் சின்னக் கல்லூரியில் இருந்தார்கள். கேத்தி ரஷ்ஷுக்கு 2008-லும், அந்த அணிக்கு 2014-லும் கூடைப்பந்தின் மிக உயர்ந்த கௌரவமான நைஸ்மித் புகழரங்கில் இடம் கிடைத்தது. கோப்பை மூன்று வருஷத்தில் கைமாறிவிட்டது. கற்றுக்கொண்டவர்கள் கையில் இருந்தது கைமாறவில்லை.

நம்மிடமும் அதே கணக்குத்தான். இந்தக் கோர்ட்டில் ஆடிய எத்தனை பேர் இன்று மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பி.டி. டீச்சராக இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்... பாருங்கள்! நம் கோப்பை அலமாரியில் இல்லாதது இங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். செயற்கைத் தளம் இப்போது வேண்டாம். இம்மாகுலாட்டாவிடம் தளம் இல்லை, ஆனால் ஒரு கோச் இருந்தார், ஒரு மணி நேரம் இருந்தது, வாளி தட்ட ஆள் இருந்தது. நமக்குத் தளம் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை. பணத்தைத் தரையில் கொட்டினால் ஷூ தேயாத பளபளப்பான தரைதான் மிஞ்சும். அதே பணத்தில் பழைய சிமெண்டைப் பூசிக் கோடு போட்டு, இரண்டு வளையத்துக்கு வலை கட்டி, மிச்சத்தை வைப்புநிதியாகப் போடுவோம். அதன் வட்டியில் மாலை நேரத்துக்கு ஒரு பெண் பயிற்சியாளருக்கு மதிப்பூதியம் கொடுப்போம். பயிற்சி முடிந்த பிள்ளைக்கு ஒரு தட்டு சுண்டல், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். ஊர்ப் பேருந்து வரைக்கும் கொண்டுபோய் விட ஒரு வேன். முதல்வர் அம்மாவிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் மூன்று நாள், எந்த ஷிப்டுக்கும் வகுப்பு இல்லாத ஒரு மணி நேரம்.

கோப்பை வருமா? வராமல் போகலாம். நன்றாக ஆடுகிறவளை வேறு யாராவது கூட்டிக்கொண்டும் போகலாம். போகட்டும். நம் வேலை, முதல் பந்தை அவள் கையில் கொடுப்பது.

இன்றைய மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. உயரம் இல்லையே, சின்ன வயசிலேயே பழகவில்லையே என்று தயங்காதீர்கள். கோர்ட்டுக்கு வாருங்கள். ஆடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, விடுதிச் சமையலறையில் வாளி இருக்கிறது, எடுத்துவந்து தட்டுங்கள். நாங்கள் திட்டமாட்டோம்.

 பிற்பகல் பொதுக்குழுவில், சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடாமல், யோசித்துக் கை தூக்குங்கள்.