காயல்பட்டினம்: பெண் மக்களின் ஊர்



திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் நம்மில் முக்கால்வாசிப் பேர் முருகனைப் பார்க்கத்தான் ஏறுகிறோம். ஆறுமுகனேரியின் உப்பளங்கள் கண்ணில் பட்டதுமே கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடும். அதற்கப்புறம், திருச்செந்தூருக்கு முன்னால், ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நிற்கும். தொப்பி போட்ட பெரியவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், சென்னையிலிருந்து பெட்டியோடு வருகிற இளைஞர்கள் என்று கொஞ்சம் பேர் இறங்குவார்கள். இன்றைக்கு நாமும் அவர்களோடு இறங்கிவிடலாம். ஊர் காயல்பட்டினம்.

சரித்திரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ 'காயல்' என்ற துறைமுகத்துக்கு வந்தார். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டியனுக்காக அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் ஓயாமல் வெற்றிலை மெல்லுவதைக்கூட விடவில்லை. அவர் பார்த்தது தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள பழையகாயல் என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. ஆறு மண் கொண்டுவந்து தூர்த்ததில் அந்தத் துறைமுகம் போய்விட்டது. முத்தும் குதிரையும் கடல் வாணிகமுமாக வாழ்ந்த அந்த உலகத்தின் வாரிசு இந்தக் காயல்பட்டினம். இங்கே குத்பா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்து வேலை நினைவுக்கு வரும். உருவங்கள் இருக்காது, பூவும் கொடியும் மட்டும்தான். உளி நம்ம ஊர்ச் சிற்பியின் உளிதானே.

ஆனால் நான் இன்று உங்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பது வீடுகளுக்குள்ளே.

இந்த ஊரில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். வீடு மகளுக்கு. அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும், பிற்பாடு ஹாங்காங்குக்கும் ஆண்கள் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போய், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஊர் இது. புருஷன் கப்பலேறிவிட்டால், புதுப்பெண் முகம் தெரியாத மாமியார் வீட்டில் தனியாக என்ன செய்வாள்? உம்மா என்கிற அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று முன்னோர்கள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது. கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு.

அதனால் ஊரின் அமைப்பே வேறு மாதிரி. தெருப்பக்கம் நடந்தால் ஆண்கள்தான் கண்ணில் படுவார்கள். சதுக்கைத் தெரு, கொச்சியார் தெரு என்று நடந்தபோது, பெண்கள் எல்லாம் எங்கே போய்விட்டார்கள் என்று நானும் யோசித்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே முடுக்கு என்று ஒரு சந்து ஓடுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளை ஒருக்களித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம். அது பெண்களின் பாதை. வெளி ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. கிண்ணத்தில் குழம்பை மூடி எடுத்துக்கொண்டு ஒரு சிறுமி ஓடுகிறாள். வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டி பேத்திக்குப் பேன் பார்க்கிறார். எதிர்வீட்டு அடுக்களையிலிருந்து யாரோ, "யாரு வந்திருக்கா?" என்று கேட்கிறார்கள். என்னைப் பற்றித்தான்.

என்னை அழைத்துப்போனது ஒரு கல்யாண வீட்டுக்கு. சாப்பாட்டு நேரம் வந்ததும் தரையில் விரிப்பு போட்டு, வட்டமான பெரிய தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸஹன் என்பார்கள். ஆளுக்கொரு இலை கிடையாது, ஒரு ஸஹனைச் சுற்றி இரண்டு மூன்று பேர். நடுவில் நெய்ச்சோறு. அதன் மேல் களறிக்கறி. மல்லியும் தேங்காயும் மசாலாவும் சேர்ந்து, கெட்டியாக, எண்ணெய் மிதக்கும் கறி. கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு பக்கத்தில். அந்த மாங்காய்ப் புளிப்பு இல்லாவிட்டால் நெய்யும் கறியும் சீக்கிரம் திகட்டிவிடும்; கணக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த சேர்க்கை. என்னோடு ஒரே தட்டில் உட்கார்ந்த அம்மாளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவரவர் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. அவர் பேசிக்கொண்டே, நல்ல கறித்துண்டுகளை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, திருப்பித் தள்ளவும் தெரியவில்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டேன்.

கை கழுவிய பிறகு அவரிடம்தான் கேட்டேன். மகளுக்கு வீடு என்றால், நாலு மகள் பெற்றவர் என்ன செய்வார்?

"நாலு ஊடு கட்டணும். வேற என்ன செய்ய?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய புருஷன் தலை நரைத்த பிறகும் வெளிநாட்டில் கடையில் நிற்பது மூன்றாவது மகளின் வீட்டுக்காக என்று அடுத்த பேச்சிலேயே வந்துவிட்டது. இருக்கிற வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கிறார்கள், மாடி எடுக்கிறார்கள், கொல்லையில் கட்டுகிறார்கள். மனை விலையைச் சொல்லவே வேண்டாம். இந்த வழக்கத்தை வெளியிலிருந்து பார்த்துப் புகழ்கிறவர்கள் (நானும் அவர்களில் ஒருத்திதான்) இந்தச் செலவைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை, யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத கூரை, உறுதியாகக் கிடைக்கிறது. அந்தக் கூரைக்காகத் தகப்பனின் வயதுக்காலம் கடல் கடந்து கரைகிறது. இரண்டும் ஒரே வீட்டின் கதைதான்.

இந்த ஊரில் தகப்பனார் 'வாப்பா'. 'அப்பா' என்று கூப்பிட்டால் அது பாட்டனார். 17ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அவர்களையும் ஊர் 'அப்பா' என்றுதான் சொல்கிறது. சீறாப்புராணம் பாட உமறுப்புலவருக்கு நபிகளின் வரலாற்றுச் செய்திகள் அவர் வழியாகத்தான் கிடைத்தன என்பார்கள். சதக்கத்துல்லாஹ் அப்பா பிற்பாடு கீழக்கரைக்குப் போய், அங்கேயே அடக்கமானார்.

படிப்பும் மார்க்கமும் இங்கே பெண்களை விட்டுவிட்டு நடக்கவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் ஒரு காலத்தில் கிதாபுகள், அதாவது நூல்கள், நிறைய வந்தன. அவற்றை வீட்டில் உட்கார்ந்து ஓதியவர்களில் பெண்கள் ஏராளம். பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தனியாகத் தைக்காக்கள் இருக்கின்றன. இன்று அரபிக் கல்லூரிகளும், பட்டம் தருகிற மகளிர் கல்லூரி ஒன்றும் உண்டு.

ரஜப் என்னும் இஸ்லாமிய மாதத்தில் போனால் ஊரின் முகத்தைச் சரியாகப் பார்க்கலாம். நபிமொழித் தொகுப்பான புகாரி ஷரீஃபை மாதம் முழுக்க ஓதி, விளக்கம் சொல்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள்கூட அந்தச் சமயம் பார்த்து விடுப்பை வைத்துக்கொள்வார்கள். பெண்கள் தங்களுக்கான இடத்திலிருந்து கேட்பார்கள். முடிவில் நேர்ச்சை வினியோகம். வீட்டுக்கு வீடு நெய்ச்சோற்று வாசனைதான்.

பையன்களைக் கேட்டால் வேறு ஒரு மாதம் சொல்வார்கள். கோடையில் நடக்கும் கால்பந்துப் போட்டி. வெளி மாநில அணிகளெல்லாம் வரும். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும் என்பதால், கடைசிப் பத்து நிமிடத்தில் நடுவரின் கைக்கடிகாரத்தை மைதானமே பார்த்துக்கொண்டிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிய வெயிலில் போகாதீர்கள். கடைகள் சாத்தியிருக்கும், ஊர் தூங்கும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு போங்கள். கடற்கரை குடும்பம் குடும்பமாக நிறைந்திருக்கும், சுண்டலும் கிடைக்கும். முடுக்குக்குள் ஆண்கள் தாங்களாக நுழைய வேண்டாம். பெண்கள் போகலாம், ஆனால் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நான் ஒரு வீட்டுப் பின்வாசலில் வழி கேட்கத்தான் நின்றேன். மகனுக்குப் போன மாதம் கல்யாணம் முடித்த உம்மா அந்த வீட்டில் இருந்தார். மகன் இரண்டு தெரு தள்ளிப் பெண் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். "வெள்ளிக்கிழமை காலையில பசியாற இங்கதான் வருவான். நீங்களும் வாங்களேன்" என்றார். அன்று புதன்கிழமை. திருச்செந்தூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை முதல் ரயிலில் திரும்பவும் வந்து இறங்கினேன்.